பயத்தைத் தணிக்க மூளையே சுரக்கும் 'கஞ்சா' – நிஜமா, கதையா?

வேப்பமரத்தடி:
அட்மின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு இழையைப் பூட்டிவிட வேண்டாம். வாங்க, விற்க வழி கேட்கவில்லை. நிஜமாகவே ஒரு சந்தேகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைபாஸில் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த லாரி ஏர்ஹாரன் அடித்தது. பதறி ஓரத்துச் சரளையில் இறக்கி, சறுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிவு, ஆறு வாரம் கட்டு. கை சரியாகிவிட்டது. ஹாரன்தான் சரியாகவில்லை. வீட்டுக்குள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் போதும், கத்தி அப்படியே நின்றுவிடும். மூச்சும் நிற்கும். அது லாரி இல்லை, பஸ்தான், நான் சமையலறையில் இருக்கிறேன் என்று மூளைக்கு நன்றாகத் தெரியும். கைக்குத் தெரியாது.

இப்போது ஒரு உளவியல் ஆலோசகரிடம் போகிறேன். பதிவு செய்த ஹாரன் ஒலியை மெதுவாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கேட்க வைக்கிறார். ஆறு தடவை ஆயிற்று. அங்கே பரவாயில்லை, வெளியே வந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

என் பெரியப்பா பையன் சொல்கிறான்: "இதுக்கு எதுக்கு அக்கா ஃபீஸ்? ரெண்டு இழுப்பு இழுத்தா எல்லாம் மறந்துடும்." திட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் ராத்திரி தேடிப் படித்ததில், நம் மூளையே கஞ்சாவில் இருப்பது மாதிரி ஒன்றைச் சுரக்கிறது, அது வேலை செய்யாத எலிக்குப் பயம் தணியவே தணியாது என்று போட்டிருந்தது. அப்படியென்றால் அவன் சொன்னதில் பாதி உண்மையா? அந்தச் சரக்கு பய நினைவை அழிக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலிக்கூண்டு:
வாங்க அக்கா, இது என் பேட்டை. நாலு வருஷம் சுண்டெலிகளோடு இதே வேலைதான் பார்த்தேன். (இப்போது வேறு வேலை, அந்தக் கதை வேண்டாம்.)

நீங்கள் படித்தது 2002-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு. முனிச்சில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமருத்துவ நிறுவனம், ஜியோவானி மார்சிகானோ, பியாட் லுட்ஸ் குழு. செய்தது இவ்வளவுதான்: சுண்டெலியைக் கூண்டில் விட்டு ஒரு ஒலி கொடுப்பார்கள், ஒலி முடியும்போது காலடிக் கம்பியில் சின்ன ஷாக். மறுநாள் ஷாக் இல்லை, ஒலி மட்டும். எலி உறைந்து நிற்கும். அந்த ஒலியையே திரும்பத் திரும்பக் கொடுத்து ஒன்றும் நடக்காவிட்டால், சில நாளில் சாதாரண எலி உறைவது குறைந்துகொண்டே வரும். அக்கா, உங்கள் ஆலோசகர் செய்வதும் இதைத்தான்.

இங்கேதான் விஷயம். கஞ்சாவின் போதைப்பொருள் போய் ஒட்டும் பூட்டுக்கு சிபி1 ஏற்பி என்று பெயர். அந்த ஏற்பியே இல்லாமல் மரபணு மாற்றிப் பிறந்த எலிகளும் ஷாக்கை மற்ற எலிகள் மாதிரியே கற்றுக்கொண்டன. முதல் நாள் உறைந்ததும் அதே அளவு. ஆனால் நாட்கள் போகப் போக மற்ற எலிகள் தணிந்தன, இவை தணியவில்லை. சாதாரண எலிக்கு அந்த ஏற்பியை அடைக்கிற மருந்தை ஒலி கொடுப்பதற்கு முன் போட்டாலும் இதே கதி. இன்னொன்றும் பார்த்தார்கள். பயந்த ஒலி மறுபடி காதில் விழும்போது அமிக்டலாவில் ஆனந்தமைடு, 2-ஏஜி என்கிற இரண்டு சரக்கும் ஏறுகின்றன. மூளையில் பயத்துக்குத் தலைமை அலுவலகம் அமிக்டலா. அந்த இரண்டும் உடம்பே செய்துகொள்வது. அதனால் எண்டோகன்னாபினாய்டு என்று பெயர், எண்டோ என்றால் உள்ளே, கன்னாபினாய்டு என்றால் கஞ்சா வகைப் பொருள்.

உறைவது என்றால் என்ன என்று நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மீசை கூட ஆடாது. நாலு காலும் ஊன்றி, தலை பாதி திரும்பிய நிலையில் அப்படியே நிற்கும். வயிறு மட்டும் படபடவென்று ஏறி இறங்கும். இப்போது கேமராவும் மென்பொருளும் எண்ணிவிடும். நான் சேர்ந்த புதிதில் கேமரா பழுதாகி, ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு வாரம் நானே எண்ணினேன். எலி உறையும்போது பட்டனை அழுத்த வேண்டும், அசைந்தால் விட வேண்டும். மூன்றாவது எலிக்கெல்லாம் அது மூச்சடக்கும்போது நானும் அடக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் கத்தி நின்றுவிடுகிறது என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சந்தேகப் பேர்வழி:
ஆக, அழிக்கிறது என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? ஏற்பி இருந்தால் பயம் போகிறது, இல்லாவிட்டால் போகவில்லை. தம்பி சொன்னது சரியாகப் போயிற்றே.

எலிக்கூண்டு:
இல்லை சார். 'போகிறது' என்ற சொல்லில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

பயம் தணிவது என்பது பழைய பாடத்தை அழிப்பது இல்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று எழுதுவது. பாவ்லோவே நாய்களிடம் பார்த்தார். மணி அடித்தால் எச்சில் ஊறுவதைச் சாப்பாடு போடாமல் அடித்து அடித்து நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அடித்தால் எச்சில் திரும்ப வந்தது. அழிந்திருந்தால் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலையில் மார்க் பவுட்டன் இதை இன்னும் நோண்டினார். பயத்தை ஒரு கூண்டில் ஊட்டி, இன்னொரு கூண்டில் தணித்தால், அந்த இரண்டாவது கூண்டில்தான் எலி சும்மா இருக்கும். பழைய கூண்டுக்குக் கொண்டுபோனால் மறுபடி உறையும். 'ஹாரன் ஆபத்து' என்ற பாடம் எங்கே போனாலும் கூடவே வருகிறது. 'ஹாரன் ஒன்றும் செய்யாது' என்ற பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு கூண்டை ஸ்பிரிட் போட்டும் இன்னொன்றை வினிகர் போட்டும் துடைப்போம். சுவர், தரை எல்லாம் மாற்றுவோம். அந்த வாசனை ஒன்றே போதும், இது வேறு ஊர் என்று எலி எடுத்துக்கொள்ளும்.

அக்கா, ஆலோசகர் அறையில் பரவாயில்லை, தெருவுக்கு வந்தால் இல்லை என்கிறீர்கள் அல்லவா. நீங்கள் தோற்கவில்லை. அறை வினிகர், தெரு ஸ்பிரிட், அவ்வளவுதான்.

வேப்பமரத்தடி:
இந்தக் கடைசி இரண்டு வரிக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை. ஆறு தடவையும் என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனந்தபைரவி:
ஆனந்தமைடு என்ற பெயரை யாரும் கண்டுகொள்ளாமல் போகிறீர்களே! நம் 'ஆனந்தம்'தான் அது. 1992-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலையில் ரஃபேல் மெசூலம் ஆய்வகத்தில் வில்லியம் தேவேனும் லூமிர் ஹனுஷும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்து, சமஸ்கிருத ஆனந்தத்தோடு வேதியியல் 'அமைடு'வைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது இது நடந்த வரிசை. முதலில் செடி. மெசூலமும் யெகியேல் கவோனியும் 1964-ல் கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சியைத் தனியே பிரித்தார்கள். ஆராய்ச்சிக்கான ஹஷீஷை போலீஸிடமிருந்தே வாங்கி, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்ததாக மெசூலம் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அந்த வாசனை வேறு! பிறகு 1988-ல் ஆலின் ஹவ்லெட்டும் இதே தேவேனும் மூளையில் அதற்கென்று ஒரு பூட்டு இருப்பதைக் காட்டினார்கள். எங்கோ வளரும் செடிக்கு நம் மூளையில் எதற்குப் பூட்டு? அப்படியென்றால் நம் சொந்தச் சாவி ஒன்று இருக்க வேண்டும் என்று தேடித்தான் ஆனந்தமைடு கிடைத்தது. திருட்டுச் சாவி முதலில் கிடைத்து, அதை வைத்து வீட்டுக்காரனைக் கண்டுபிடித்த கதை.

கொல்லிமலைத் தேன்:
பார்த்தீர்களா, பெயரே ஆனந்தம். சித்தர்களுக்கு இதெல்லாம் அப்போதே தெரியும். வடக்கே பாங் குடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மூளை கொஞ்சமாகச் சுரக்கிறது, நாம் வெளியிலிருந்து கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் வேகமாகத் தணியும். இரும்புச் சத்து குறைந்தால் மாத்திரை போடுவதில்லையா? இதில் என்ன தப்பு?

சந்தேகப் பேர்வழி:
சித்தர் வந்துவிட்டார். இழை பத்துப் பதிவு தாண்டுவதற்குள் வருவார் என்று நினைத்தேன், வந்துவிட்டார்.

எலிக்கூண்டு:
தேன் சாருக்குச் சிரிக்காமலே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இரும்புச் சத்துக் கேள்வி நல்ல கேள்வி. என் கைடு கூட முதல் நாள் என்னிடம் இதைத்தான் கேட்டார்.

ஹோட்டல் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையின் வழக்கமான சமிக்ஞைப் பொருட்கள் சாம்பார் மாதிரி. முன்பே செய்து சின்னச் சின்னப் பைகளில் தயாராக இருக்கும், கேட்டால் ஊற்ற வேண்டியதுதான். எண்டோகன்னாபினாய்டு தோசை. ஆர்டர் வந்த பிறகு, வந்த மேஜைக்கு மட்டும், செல்லின் சவ்வில் இருக்கும் கொழுப்பிலிருந்து அப்போதே வார்ப்பது. வேலை முடிந்ததும் துடைத்து எடுக்க நொதி பக்கத்திலேயே நிற்கிறது. ஆனந்தமைடைத் துடைப்பதற்கு 'ஃபா' என்று ஒரு நொதி, 2-ஏஜிக்கு வேறொன்று.

இன்னொரு விசித்திரம், இது போகும் திசை. சாதாரணமாக ஒரு நரம்புச் செல் பேசும், அடுத்தது கேட்கும். இது கேட்கிற செல்லிலிருந்து பேசுகிற செல்லுக்குப் போகிறது. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்தவர் மைக்செட்காரரைப் பார்த்து "சவுண்டைக் குறைப்பா" என்று கையைக் காட்டுவார் இல்லையா, அதேதான். 2001-ல் மூன்று குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின.

இப்போது கஞ்சாவுக்கு வருவோம். அது எந்த மேஜை ஆர்டர் கொடுத்தது என்று பார்ப்பதில்லை. ஊர் முழுக்க எல்லா ஸ்பீக்கரையும் ஒரே நேரத்தில் குறைக்கிறது, அதுவும் மணிக்கணக்கில். சிபி1 ஏற்பி 'கிளம்பு' என்று கத்தும் செல்லிலும் இருக்கிறது, 'அடங்கு' என்று சொல்லும் செல்லிலும் இருக்கிறது. முதலாவதைக் குறைத்தால் பதற்றம் குறையும், இரண்டாவதைக் குறைத்தால் பதற்றம் ஏறும். 2012-ல் இதே லுட்ஸ் பங்கேற்ற ஒரு எலி ஆய்வு: குறைந்த அளவு மருந்து முதல் வகைச் செல் வழியாகப் பதற்றத்தைக் குறைத்தது, அதே மருந்து அளவு கூடியபோது இரண்டாம் வகைச் செல் வழியாகக் கூட்டியது. முதல் தடவை இழுத்தவன் சிரிப்பதும் பக்கத்திலிருப்பவன் செத்தேன் என்று நெஞ்சைப் பிடிப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

தினமும் போடுகிறவர் கதை வேறு. மூளை ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. மூளை ஸ்கேனில் 2012-லேயே பார்த்திருக்கிறார்கள், நிறுத்தி நாலு வாரம் போல ஆனால் ஏறக்குறைய பழைய நிலைக்கு வருகிறது. அதுவரை வீட்டுக்காரன் சாவியும் சரியாக வேலை செய்யாது. தேன் சார், வெளியிலிருந்து சேர்த்துக் கொடுக்கப் போய் உள்ளே இருப்பதையும் கெடுத்துக்கொள்வதாக முடியும்.

கொல்லிமலைத் தேன்:
தோசை உதாரணத்தால் பசிக்கிறது. அதுவும் இந்த ஏற்பியின் வேலைதானோ?

எலிக்கூண்டு:
ஆமாம், நிஜமாகவே அதன் வேலைதான்.

மருந்துச்சீட்டு:
பசி என்றதும் உள்ளே வந்துவிட்டேன். முப்பது வருஷமாக மருந்துக்கடை. எலிக்கூண்டு தம்பி முதல் பதிவில் 'ஏற்பியை அடைக்கும் மருந்து' என்றாரே, அதன் பெயர் ரிமோனபன்ட். அது எலிக்கு மட்டும் கொடுத்த மருந்து இல்லை, மனிதனுக்கும் விற்றார்கள். எதற்குத் தெரியுமா? உடம்பு இளைக்க!

கஞ்சா பசியைக் கிளப்புகிறது, அப்படியென்றால் அந்தப் பூட்டை அடைத்தால் பசி அடங்கும், இது கணக்கு. கணக்கு சரிதான், எடையும் குறைந்தது. 2006-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2007-ல் வேண்டாம் என்றது. சாப்பிட்டவர்களில் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம். மனநலத் தொந்தரவு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று சொல்லி 2008 அக்டோபரில் ஐரோப்பாவில் நிறுத்திவைத்தார்கள். இங்கேயும் வந்தது, 2009 கடைசியில் தடை.

எனக்கு ஞாபகம் இருக்கும் ஒரு வாடிக்கையாளர், வங்கி அதிகாரி. மாத்திரை வாங்கிப் போன மூன்றாவது மாதம் வந்து, "எடை நாலு கிலோ குறைஞ்சது சார், ஆனா லிஃப்டுல ஏற முடியல, கதவு மூடினா வேர்க்குது" என்றார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பினேன். அவருக்கு மாத்திரையால்தான் வந்தது என்று இன்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2002-லேயே அந்த எலி ஆய்வு வந்துவிட்டது என்று இந்த இழையில் பார்க்கும்போது கொஞ்சம் எரிச்சலாக வருகிறது. ஏற்பியை அடைத்தால் எலிக்குப் பயம் தணியாது என்று அச்சடித்து நாலு வருஷம் கழித்து, அதே மருந்தைத் தொப்பைக்கு விற்றிருக்கிறார்கள்.

சந்தேகப் பேர்வழி:
மருந்துச்சீட்டு ஐயா சொன்னது எலி ஆய்வு எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது. சரி, ஒத்துக்கொள்கிறேன், அடைத்தால் கெடுதல். ஆனால் கூட்டினால் நல்லது என்று மனிதரில் யாராவது காட்டியிருக்கிறார்களா? பூண்டு இல்லாவிட்டால் ரசம் கெடும் என்பதற்காகப் பூண்டைக் கொட்டினால் ரசம் நன்றாக ஆகிவிடாது.

பனிக்குடம்:
பூண்டு ரசத்தை அவமதிக்காதீர்கள். மற்றபடி கேள்வி சரி. நான் இந்தத் துறை இல்லை, மயக்க மருந்துத் துறை. ஆனால் இதைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

2013-ல் அமெரிக்காவில் கிறிஸ்டீன் ராபினாக் குழு, பயம் தணிக்கும் பயிற்சிக்கு முன்னால் ஆரோக்கியமானவர்களுக்கு 7.5 மில்லிகிராம் டிஎச்சி மாத்திரை ஒரே ஒரு தடவை கொடுத்தது. மறுநாள் சோதித்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் தணிந்த பாடம் நன்றாக நின்றிருந்தது. ஒரு தடவை, அளந்து, பயிற்சியோடு சேர்த்து. இழுப்பு இல்லை என்பதைத் தேன் சார் கவனிக்கவும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2020 ஸ்வீடன் ஆய்வு. லின்ஷேப்பிங்கில் லியா மேயோ, மார்கஸ் ஹெய்லிக் குழு. இவர்கள் வெளியிலிருந்து எதையும் ஊற்றவில்லை, மேஜை துடைக்கிற நொதியை நிறுத்தினார்கள். ஃபாவைத் தடுக்கும் மருந்தை ஆரோக்கியமான 45 பேரில் ஒரு பகுதியினருக்குப் பத்து நாள் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ரத்தத்தில் ஆனந்தமைடு பத்து மடங்கு ஏறியது. பயிற்சி முடிந்து 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், தணிந்த பாடத்தை மருந்து எடுத்தவர்கள் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். மன அழுத்தம் கொடுத்தபோது உடம்பு பதறுவதும் குறைவு.

சிலருக்கு இது பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. ஃபா மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிய மனிதர்கள் நிறையப் பேர். அவர்கள் உடலில் நொதி குறைவு, ஆனந்தமைடு அதிகம். 2015-ல் அதே எழுத்தை எலியிலும் மாற்றிப் பார்த்தார்கள். எலியோ மனிதரோ, அந்த எழுத்து உள்ளவர்களுக்குப் பயம் சீக்கிரம் தணிந்தது.

இதன் உச்சம் ஸ்காட்லாந்தின் ஜோ கேமரன். அறுபத்தாறு வயதில் கையில் அறுவை சிகிச்சை. வலிக்கும் என்று பேர் பெற்ற சிகிச்சை அது. அவர் அதன்பின் வலி மாத்திரையே கேட்கவில்லை. மயக்க மருத்துவர் தேவ்ஜித் ஸ்ரீவஸ்தவா சந்தேகப்பட்டு லண்டனுக்கு அனுப்பினார். ஃபா மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டே இல்லை, கூடவே நான் சொன்ன அந்த எழுத்து மாற்றமும். 2019-ல் ஆய்வாக வந்தது. அடுப்பில் கை சுட்டால் வாசனை வந்த பிறகுதான் தெரியுமாம். பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாளில் அடிமட்ட மதிப்பெண். சாலை விபத்தில் சிக்கியபோதும் பதறவில்லை என்று அந்த ஆய்விலேயே எழுதியிருக்கிறார்கள்.

வேப்பமரத்தடி:
சாலை விபத்திலுமா? எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

பனிக்குடம்:
பொறாமைப்பட வேண்டாம் அக்கா. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகும், சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியாது என்று அவரே சொல்கிறார். சுட்டதும் தெரியாது. உங்கள் பயம் அளவுக்கு மீறி வேலை செய்கிறது, ஆனால் பைபாஸில் ஓரம் ஒதுங்க வைத்ததும் அதுதானே.

மருந்துச்சீட்டு:
நொதி தடுக்கும் மருந்து என்றால் ரென் நகரத்தையும் சொல்ல வேண்டும், விட்டுவிடாதீர்கள். 2016 ஜனவரி, பிரான்ஸ். ஃபாவைத் தடுக்கும் புது மருந்து ஒன்றை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒருவர் இறந்தார், சிலர் மூளை பாதிப்போடு மருத்துவமனையில். ஃபாவைத் தடுத்தது காரணமாக இருக்காது, அந்த மூலக்கூறு சம்பந்தமில்லாத வேறு பல நொதிகளிலும் போய் ஒட்டியது என்று மறுவருஷம் வந்த ஆய்வு சொன்னது. இதே வகையில் மற்ற மருந்துகளுக்கு இப்படி ஆகவில்லை. இருந்தாலும் அந்த வகை முழுவதற்குமே பேர் கெட்டுப்போயிற்று. இன்று வரை பயத்துக்கென்று இந்த வகையில் எதுவும் என் கடை அலமாரிக்கு வரவில்லை.

எலிக்கூண்டு:
ஐயா சொன்னதோடு நான் ஒன்று சேர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கதையை அளவுக்கு மீறி அழகாகச் சொல்லிவிட்டேன் என்று ஆகும்.

சிபி1 இல்லாத எலிக்கு எல்லா மறுபாடமும் தடுமாறுவதில்லை. ஒரு வேலை செய்தால் தீனி கிடைக்கும் என்று பழக்கி, பிறகு தீனியை நிறுத்தினால், அந்தப் பழக்கத்தை மற்ற எலிகள் மாதிரியே விட்டுவிடுகிறது. தடுமாறுவது வலி, பயம் சம்பந்தப்பட்டதில்தான். இன்னொன்று, 2006-ல் அதே முனிச் நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வு. ஒலியோடு சேர்க்காமல் வெறும் ஷாக் மட்டும் வாங்கிய எலிகளும், பிறகு ஒலி கேட்டால் கொஞ்சம் உறையும். அந்தப் பதற்றமும் ஏற்பி இல்லாவிட்டால் தணியவில்லை. அதனால் இந்த அமைப்பு 'ஹாரன் ஆபத்தில்லை' என்று புதுப்பாடம் நடத்தும் வாத்தியாராக மட்டும் இல்லை. இது பெரும்பாலும் 'போதும், பழகிவிட்டது, விடு' என்று சொல்லும் வேலை. 'அழிக்கிறது' என்று பேசுகிறவர்கள் இதைப் படிப்பதே இல்லை.

நீண்ட மன அழுத்தத்தில் அமிக்டலாவில் ஃபா நொதி முடுக்கப்பட்டு ஆனந்தமைடு குறைகிறது என்பதும் எலியில் தெரிந்ததுதான். தேவைப்படுகிற நேரத்தில் தோசையைக் கல்லிலிருந்தே எடுத்துவிடுகிற மாதிரி.

திண்ணை:
நான் ஆலோசகர், ஆனால் வேப்பமரத்தடி அக்காவின் ஆலோசகர் இல்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மேலே சொன்ன கூண்டு, வினிகர் விஷயம் எங்கள் வேலைக்கு நேரடியாக உதவும். அறைக்குள் பழகியதை அறையோடு விட்டுவிடக் கூடாது. உங்கள் ஆலோசகரிடம் கேளுங்கள்: அடுத்த சில அமர்வுகளை வெளியே வைக்கலாமா, வீட்டுச் சமையலறையில், தெருமுனையில், நிஜ ஹாரன் கேட்கும் இடத்தில். இடங்கள் கூடக் கூட நல்லது. ஹாரன் கேட்டதும் எழுந்து உள்ளே போகாதீர்கள். நெஞ்சு படபடப்பு உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் எழுந்து போனால், 'தப்பித்ததால்தான் பிழைத்தேன்' என்று மூளை எழுதிக்கொள்ளும்.

போதையோடு பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அழகாக உட்கார்ந்திருப்பார்கள். தெளிந்து வந்தால் முதல் நாள் மாதிரி ஆரம்பிக்க வேண்டும். போதையும் ஒரு அறைதானே.

ஆனந்தபைரவி:
போதையும் ஒரு அறை! எலிக்கூண்டு சார், அதைக் கூடவா எலியில் பார்த்தார்கள்?

எலிக்கூண்டு:
பார்த்திருக்கிறார்கள். மருந்தின் மயக்கத்தில் கற்றது அந்த மயக்கத்தில்தான் நன்றாக வரும் என்பது பழைய, உறுதியான முடிவு. மது, தூக்க மருந்து என்று பலவற்றில்.

கொல்லிமலைத் தேன்:
சரி, நான் பின்வாங்குகிறேன். செடி வேண்டாம். வெளியிலிருந்து ஊற்றாமல் உள்ளே இருப்பதைத் தூண்ட வழி உண்டா? அதையாவது சொல்லுங்கள், என் மானம் மிஞ்சட்டும்.

பனிக்குடம்:
ஓடுங்கள். ஓடி முடித்ததும் வரும் அந்த லேசான மிதப்புக்கு எண்டார்பின் காரணம் என்று எல்லாரும் சொல்வோம். 2021-ல் ஹாம்பர்க்கில் எண்டார்பின் ஒட்டும் பூட்டை மருந்து கொடுத்து அடைத்துவிட்டு ஓட வைத்தார்கள். மிதப்பு அப்படியே வந்தது. ஏறியிருந்தது எண்டோகன்னாபினாய்டு.

கொல்லிமலைத் தேன்:
மூட்டு வலி இருக்கிறது சார்.

சந்தேகப் பேர்வழி:
நடங்கள் சித்தரே.

வேப்பமரத்தடி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், இழை மேலே எழுந்ததற்கு மன்னிக்கவும்.

திண்ணை சொன்னதை ஆலோசகரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நானே அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். போன இரண்டு அமர்வும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில். முதல் நாள் டீயை வாங்கி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் கிளாஸைத் தொடவே இல்லை. தொடை மேல் இரண்டு கையையும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீயின் மேல் ஆடை படிந்து சுருங்கியது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. எழுந்து மட்டும் போகவில்லை.

இரண்டாவது நாள் ஒரு மணல் லாரி, அதே ஏர்ஹாரன், முதுகுக்குப் பின்னால். மூச்சு நின்றது. எலிக்கூண்டு தம்பி, உங்கள் எலிதான் எனக்கு ஞாபகம் வந்தது, வயிறு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். இறங்கியது. டீ சூடாக இருக்கும்போதே குடித்தேன். வீட்டில் இன்னும் கத்தி நிற்கிறது, ஆனால் முன்பு மாதிரி அடுப்பில் எண்ணெய் புகையும் வரைக்கும் நிற்பதில்லை.

சந்தேகப் பேர்வழி:
மகிழ்ச்சி. ஆனாலும் பதிவு செய்துவைக்கிறேன்: ஒரே ஒரு ஆள், ஒப்பிட வேறு ஆள் இல்லை, ஆனந்தமைடு அளக்கப்படவில்லை.

வேப்பமரத்தடி:
ஒப்பிட என் பெரியப்பா பையனை அனுப்பட்டுமா சார்? அவனுக்கு என்னைப் பார்த்தாலே இப்போது பயம்.

எலிக்கூண்டு:
அறை, டீக்கடை ஆயிற்று. முதல் கூண்டு பாக்கி இருக்கிறது அக்கா.

வேப்பமரத்தடி:
தெரியும் தம்பி, பைபாஸ். இரண்டு வருஷமாக நின்றதில் ஸ்கூட்டி பேட்டரி செத்துவிட்டது. மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன், வியாழக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.